மூங்கில் ஸ்டாரும் ஓலைக் கொட்டானும்: கிறிஸ்துமஸுக்கு வீட்டில் செய்ய அளவும் செய்முறையும்

கடையில் மடித்து விற்கும் அட்டை ஸ்டார் ஒரு பனிக்காலத்தைத் தாண்டாது. மார்கழிப் பனியில் அட்டை ஊறி, மடிப்பு மடிப்பாகப் பிரிந்துவிடும். மெல்லியதாகப் பிளந்து சீவிய மூங்கில் தப்பையில் கட்டிய ஸ்டாருக்கு ஒவ்வொரு வருஷமும் தாளை மட்டும் மாற்றினால் போதும். சட்டம் ஐந்தாறு வருஷம் தாங்கும். அதற்குச் சட்டத்தின் அளவு சரியாக இருக்க வேண்டும், ஈரம் எந்த வேலைக்கு எவ்வளவு என்பதும் தெரிந்திருக்க வேண்டும். ஸ்டாரில் வரும் கோளாறுகளில் பெரும்பாலானவை இந்த இரண்டில் ஒன்றால்தான் வருகின்றன. தாளில் தெரிகிற சுருக்கத்துக்குக் காரணம் பெரும்பாலும் தப்பையில்தான் இருக்கும்.

டிசம்பர் முதல் தேதி ஸ்டார் ஏற வேண்டுமென்றால் நவம்பர் முதல் வாரத்திலேயே மூங்கில் வாங்கிவிட வேண்டும். வடகிழக்குப் பருவமழை நடக்கும் மாதம் அது. தப்பையும் பசையும் காய மற்ற மாதங்களைவிட இரண்டு மடங்கு நேரம் பிடிக்கும்.

இங்கே முதலில் சொல்வது 60 செ.மீ. ஸ்டாருக்கான கணக்கு, பலகாரம் கொடுக்கும் ஓலைப் பெட்டியான கொட்டான் கடைசியில் வருகிறது. ஒரு வீட்டு வாசலுக்கு இது சரியான அளவு. தேவையானவை: 62 செ.மீ. நீளத்தில் மூங்கில் தப்பை 10 (முன்னும் பின்னுமாக இரண்டு சட்டம், ஒன்றுக்கு ஐந்து), இரண்டு சட்டத்தையும் விலக்கி நிறுத்த 14 செ.மீ. முட்டுக் குச்சி 5. பல்பு ஹோல்டர் தொங்க 16 செ.மீ. குச்சி 1, பழைய சைக்கிள் டியூப்பிலிருந்து அரை செ.மீ. அகலத்தில் வெட்டிய ரப்பர் நாடா, கொஞ்சம் காடா நூல். 50க்கு 70 செ.மீ. அளவில் பட்டம் கட்டும் மெல்லிய தாள், சிவப்பு நாலு, மஞ்சள் ஒன்று. மைதா 50 கிராம். ஓரத்துக்கு ஜிகினாத் தாள் இரண்டு.

தப்பை

முற்றிய மூங்கில் வேண்டும். இளமூங்கில் வளைப்பதற்குச் சுலபமாக இருக்கும், ஆனால் காயும்போது சுருங்கி, கட்டிய கட்டெல்லாம் தளர்ந்துவிடும். பச்சையாக வாங்கிய மூங்கிலை நீளத்துக்கு அறுத்து, நாலாகப் பிளந்து, பத்து நாள் தண்ணீர்த் தொட்டியில் மூழ்கப் போடுங்கள். இரண்டு நாளுக்கு ஒருமுறை தண்ணீரை மாற்ற வேண்டும். மூங்கிலுக்குள் இருக்கும் மாவுச்சத்துதான் உளுப்பான் பூச்சிக்குத் தீனி. அது தண்ணீரில் புளித்துச் சிதைந்து வெளியேறிவிட்டால் பரணில் கிடக்கும் சட்டத்தின் கீழே வெள்ளைத் தூள் கொட்டாது. தண்ணீர் நாற்றமடிக்கும். அது மாவுச்சத்து சிதைகிறது என்பதற்கு அடையாளம், பயப்பட வேண்டாம்.

ஈரமாக இருக்கும்போதே பிளந்து சீவிவிட வேண்டும். அகலம் 1 செ.மீ., கனம் மூன்றிலிருந்து நாலு மி.மீ. கனத்தைக் குறைக்க எப்போதும் உள்பக்கச் சோற்றுப் பகுதியைத்தான் சீவ வேண்டும், வெளிப் பட்டையைத் தொடக்கூடாது. மூங்கிலின் பலம் முழுக்கப் பட்டையை ஒட்டிய நாரில்தான் இருக்கிறது. கட்டும்போதும் பட்டைப் பக்கம் ஸ்டாருக்கு வெளியே பார்க்க வேண்டும். உள்ளே திருப்பிக் கட்டினால் வளைவின் மேல்புறத்தில் சோற்றுப் பகுதி வந்து, முட்டுக் கொடுத்ததும் சிலாம்பு எழும்பிப் பிளக்கும்.

கணுவைக் கவனிக்க வேண்டும். கணு இருக்கும் இடத்தில் தப்பை வளையாது. தப்பையின் நடுவில் கணு விழுந்தால் ஸ்டாரின் அந்தப் பக்கம் மட்டும் தட்டையாக நிற்கும். முனையை ஒட்டி, ஸ்டாரின் கூரான கைப் பகுதிக்குள் விழும்படி அறுத்துக்கொண்டால் தொல்லையில்லை. கணு மேட்டை இருபுறமும் சீவிச் சமமாக்கிவிடுங்கள், இல்லையென்றால் தாள் அங்கே முதலில் கிழியும்.

இரண்டு நாள் நிழலில் காய்ந்ததும் பத்து தப்பையையும் சோதித்துப் பாருங்கள். மேஜை விளிம்பில் தப்பையை வைத்து, 40 செ.மீ. வெளியே நீட்டி, இந்தப்பக்கம் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, நுனியில் ஒரு சாவிக்கொத்தை மாட்டுங்கள். நுனி எத்தனை செ.மீ. இறங்குகிறது என்று ஸ்கேலால் பார்த்துத் தப்பையிலேயே குறித்துவிடுங்கள். அதே சாவிக்கொத்து, அதே 40 செ.மீ. ஒன்று மூன்று செ.மீ. இறங்கி இன்னொன்று ஆறு இறங்கினால் அந்த இரண்டையும் ஒரே சட்டத்தில் சேர்க்க முடியாது. விறைப்பான தப்பை மற்றதையெல்லாம் தன் பக்கம் இழுத்து ஸ்டாரை முறுக்கிவிடும். விறைப்பானதன் உள்பக்கத்தைக் கொஞ்சம் சீவி மறுபடி தொங்கவிட்டுப் பாருங்கள். பத்துக்கும் இடையில் அரை செ.மீ.க்குள் வந்துவிட்டால் போதும். இதற்கு ஒரு மணி நேரம் ஆகும். முழு வேலையிலும் மிகப் பயனுள்ள ஒரு மணி நேரம் இதுதான்.

கடைசியாக, பட்டைப் பக்கத்தை உப்புத்தாளால் லேசாக இரண்டு இழுப்பு இழுங்கள். மூங்கில் பட்டை வழவழவென்று மெழுகு பூசியதுபோல் இருக்கும், மைதா பசை அதில் பிடிக்காது. மினுமினுப்பு போனால் போதும், நார் வெளியே தெரியக்கூடாது.

23, 14, 23

ஒரு தப்பையின் இரு முனையிலும் ஒரு செ.மீ. கட்டுக்கு விட்டால் மீதி 60. அதில் முனையிலிருந்து 23ஆவது செ.மீ.யிலும் 37ஆவது செ.மீ.யிலும் பென்சிலால் கோடு போடுங்கள். பத்து தப்பைக்கும் இதே குறி. ஐந்து தப்பை ஒன்றையொன்று குறுக்கே கடந்து வெட்டும்போது இந்த இரண்டு இடத்தில்தான் வெட்டும். நுணுக்கமாகப் பார்த்தால் 22.9, 14.2, 22.9. மூங்கிலுக்கு முழு எண் போதும்.

வேறு அளவுக்குச் செய்ய வேண்டுமென்றால் நீளத்தை 0.382ஆல் பெருக்கினால் கையின் நீளம் வரும், 0.236ஆல் பெருக்கினால் நடுப்பகுதி வரும். 90 செ.மீ. ஸ்டாருக்கு 34.4, 21.2, 34.4. பிள்ளைகள் மேஜையில் வைக்க 30 செ.மீ. போதுமென்றால் பதினொன்றரை, ஏழு, பதினொன்றரை. கனமும் அதே விகிதத்தில் கூடவோ குறையவோ வேண்டும். 90க்கு ஐந்து மி.மீ., 30க்கு இரண்டு மி.மீ.

தரையில் சாக்பீஸால் ஒரு கோணல் மாணல் ஸ்டார் வரைந்துகொள்ளுங்கள், தப்பை எந்த முனையிலிருந்து எந்த முனைக்குப் போகிறது என்று தெரிவதற்கு மட்டும். முனைகளுக்கு வரிசையாக 1, 2, 3, 4, 5 என்று எண் போட்டால் தப்பைகள் 1-3, 3-5, 5-2, 2-4, 4-1 என்று ஓடும். நாலு முனையை ரப்பர் நாடாவால் கட்டிச் சங்கிலியாக்கி, ஐந்தாவது தப்பையை ஒன்றின் மேல், அடுத்ததன் கீழ் என்று நுழையுங்கள். மற்ற நாலும் அதே போல மேல் ஒன்று, கீழ் ஒன்று என்று மாறி மாறிப் போக வேண்டும். அப்படிப் பின்னிவிட்டால் வெட்டும் இடங்களில் கட்டு போடாமலே சட்டம் நகராமல் நிற்கும். குறி மேல் குறி வருகிறதா என்று பார்த்துக்கொண்டு, ஐந்து வெட்டிலும் காடா நூலால் பெருக்கல் குறிக் கட்டு போடுங்கள்.

இப்போது இரண்டு சோதனை. பக்கத்துப் பக்கத்து முனைகளுக்கு இடையில் டேப் வைத்தால் ஐந்து பக்கமும் 37 செ.மீ. வர வேண்டும். ஒரு பக்கம் 36ம் இன்னொரு பக்கம் 38ம் வந்தால் ஏதோ ஒரு வெட்டு குறியைவிட்டு நகர்ந்திருக்கிறது. பிறகு முனையில் நூல் கட்டிச் சட்டத்தைத் தொங்கவிட்டு, அதே முனையிலிருந்து நுனியில் ஒரு நட்டு கட்டிய தூக்குநூல் விடுங்கள். நூல் நேர் கீழே எதிரில் இருக்கும் வெட்டின் மேல் விழ வேண்டும். ஐந்து முனையிலும் பாருங்கள். இது சரியாக இருந்தால் ஸ்டார் காற்றில் சாய்ந்து நிற்காது.

இன்னொரு சட்டத்தையும் இப்படியே கட்டி, இரண்டையும் முதுகோடு முதுகு வைத்து, பட்டை வெளியே தெரிய, ஐந்து முனையையும் சேர்த்துக் கட்ட வேண்டும். ஒவ்வொரு முனையிலும் நாலு தப்பை சேர்வதால் கட்டு குண்டாகிவிடும். கடைசி இரண்டு செ.மீ.யை உள்பக்கம் சீவி இரண்டு மி.மீ. ஆக்கிவிட்டால் முனை கூராக வரும். கட்டு ரப்பர் நாடாவில்தான் இருக்க வேண்டும். முட்டுக் கொடுக்கும்போது தப்பை வளைந்து, முனை ஒரு செ.மீ. போல உள்ளே இழுபடும். நூலோ கட்டுக்கம்பியோ அந்த இழுப்புக்கு இடம் கொடுக்காது, ரப்பர் கொடுக்கும்.

முட்டுக் குச்சியையும் 14 செ.மீ. என்று வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. ஸ்டாரின் கை ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு முக்கோணம், பின்னால் ஒன்று, பக்கவாட்டில் இரண்டு. ஐந்து கைக்கும் சேர்த்து இருபது முக்கோணம். முட்டு 14 ஆகவும் நடுப்பகுதியும் 14 ஆகவும் இருந்தால் இருபது முக்கோணமும் ஒரே அளவு: அடி 14, பக்கம் 23, 23. ஒரே அட்டை மாதிரியில் அத்தனையும் வெட்டிவிடலாம். முட்டு 10 என்றோ 18 என்றோ வைத்தால் முன்பின்னுக்கு ஒரு மாதிரி, பக்கவாட்டுக்கு இன்னொரு மாதிரி என்று குழம்ப வேண்டும். 18 வைத்துப் பருமனாக்க ஆசைப்படுகிறவர்களின் தப்பைதான் நடுவில் ஒடிகிறது.

முட்டுக் குச்சியின் இரு தலையிலும் கத்தியால் சின்னப் பள்ளம் எடுத்து, வெட்டும் இடத்தில் தப்பைக்கும் தப்பைக்கும் நடுவில் நிறுத்துங்கள். ஒன்றைப் போட்டதும் அடுத்ததற்குப் போகாமல் ஒன்று விட்டு ஒன்றாகச் செருகினால் இழுப்பு சமமாகப் பரவும். செருகியதை நூலால் கட்டுங்கள், பசை வேண்டாம். ஜனவரி 6, மூன்று ராஜாக்கள் திருநாள் கழிந்து ஸ்டாரை இறக்கியதும், தாளைக் கிழித்துவிட்டு ஐந்து முட்டுக் குச்சியையும் கழற்றினால் சட்டம் தட்டையாகிச் சுவரில் ஒரு ஆணியில் தொங்கும்.

பிலிப்பைன்ஸில் பரோல் என்று பெயர் சொல்லி இதே ஸ்டாரைக் கட்டுகிறார்கள். அங்கும் மூங்கில்தான், மெல்லிய ஜப்பான் தாள்தான். சான் பெர்னாண்டோ நகரில் ஒவ்வொரு டிசம்பரிலும் ராட்சத பரோல்களுக்கென்றே திருவிழா நடக்கிறது. வெவ்வேறு கரையில் வாழும் மக்கள், கையெட்டும் தூரத்தில் வளர்ந்த மூங்கிலை எடுத்து ஒரே கட்டுமானத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள் என்பது நினைக்க நினைக்க மகிழ்ச்சி தருகிறது.

பசை, தாள்

100 மி.லி. பச்சைத் தண்ணீரில் 50 கிராம் மைதாவைக் கட்டியில்லாமல் கரைத்து வைத்துக்கொண்டு, 200 மி.லி. தண்ணீரைக் கொதிக்கவிட்டு, கரைசலை அதில் ஊற்றிக் கிண்டுங்கள். அடுப்பு சின்னதாக, மூன்று நாலு நிமிடம். வெள்ளை நிறம் போய்க் கண்ணாடிபோல ஆனதும் இறக்கிவிடலாம். மாவை நேராகச் சுடுநீரில் கொட்டினால் ஒவ்வொரு துகளின் மேல்தோலும் முதலில் வெந்து, உள்ளே பச்சை மாவு அப்படியே நின்றுபோகும். எவ்வளவு கிண்டினாலும் அந்தக் கட்டி கரையாது. சுவரொட்டிக்காரர்கள் பூச்சி வராமலிருக்க மயில்துத்தம் போடுவார்கள். அது விஷம், பிள்ளைகள் கைவைக்கும் வேலையில் வேண்டவே வேண்டாம். மழைக்காலத்தில் பசை இரண்டாம் நாளே புளித்துவிடும் என்பதால் அன்றன்றைக்குத் தேவையானதை அன்றன்றைக்குக் காய்ச்சிக்கொள்வதே நல்லது.

அட்டை மாதிரியில் சுற்றிலும் 2 செ.மீ. கூடுதல் விட வேண்டும். ஒரு செ.மீ. போதாதா என்று தோன்றும். போதாது. வளைந்த தப்பை முனையிலிருந்து முட்டு வரை நேர்க்கோட்டில் போவதில்லை, வெளிப்பக்கமாக லேசாகப் புடைத்திருக்கும். இந்த அளவு ஸ்டாரில் அந்தப் புடைப்பு நடுவில் அரை செ.மீ.க்கு மேல். பக்கவாட்டு முக்கோணத்தில் இரண்டு தப்பையும் எதிரெதிர்ப் பக்கம் புடைப்பதால் நடுவில் அகலம் ஒரு செ.மீ.க்கு மேல் கூடிவிடும். ஒரு செ.மீ. விட்டு வெட்டிய தாள் இரு முனையிலும் எட்டி, நடுவில் எட்டாமல் வாய் பிளந்து நிற்பது இதனால்தான். முனைப் பக்கம் கூடுதலாக நீட்டிக்கொண்டிருப்பதை 2 செ.மீ.யில் நறுக்கிவிடுங்கள்.

ஒட்டும் வரிசை முக்கியம். முதலில் பக்கவாட்டு முக்கோணங்கள் பத்து. அப்போதுதான் கையை உள்ளே விட்டு ஓரத்தை மடித்து அழுத்த முடியும். அடுத்து முன்பக்கம் ஐந்து, பின்பக்கம் ஐந்து. நடுவில் இருக்கும் ஐங்கோணம் கடைசி. முன் ஐங்கோணத்தை முழுக்க ஒட்டுங்கள், பின் ஐங்கோணத்தை மேல் விளிம்பில் மட்டும் ஒட்டித் திரைபோலத் தொங்கவிடுங்கள். பல்பு மாற்றவும் சூடு வெளியேறவும் அதுதான் வழி. பசையைத் தாளில் தடவாமல் தப்பையில் தடவுங்கள். தாளில் தடவினால் ஊறித் தொய்ந்து, கையோடு வந்துவிடும்.

ஒட்டும்போது தாளை விறைப்பாக இழுக்க வேண்டாம். சின்னச் சின்னச் சுருக்கம் இருக்கட்டும். ஒரு இரவு காய்ந்த பிறகு, துணி தேய்க்கும்போது தெளிக்கும் ஸ்ப்ரே பாட்டிலால் ஒரு முழம் தள்ளி நின்று பனிபோலத் தண்ணீர் தெளியுங்கள். தாள் முதலில் இன்னும் தொய்யும், பார்க்கவே பயமாக இருக்கும். அரை மணி நேரத்தில் காயும்போது நார்கள் சுருங்கி, தாள் முழுதும் மேளத்தோல் போல இறுகிக்கொள்ளும். விரலால் சுண்டினால் டப்பென்று சத்தம் வரும். முன்பக்கத்தை மட்டும் தெளித்து விட்டால் ஒருபக்க இழுப்பில் சட்டம் கோணும், இரண்டு பக்கமும் ஒரே தடவையில் தெளித்துவிட வேண்டும். சிவப்புத் தாள் சாயம் விடுமா என்று ஒரு துண்டை நனைத்து வெள்ளைத் துணியில் அழுத்திப் பார்த்துக்கொள்ளுங்கள். விட்டால் மஞ்சள் ஐங்கோணத்தை எல்லாம் காய்ந்த பிறகு தனியாக ஒட்டலாம்.

கண்ணாடித் தாள் பளபளப்பாகத்தான் இருக்கும். ஆனால் இப்போது கடையில் கிடைப்பது பெரும்பாலும் பிளாஸ்டிக் படலம். மைதா பசை அதில் நிற்காது, தண்ணீர் தெளித்தாலும் இறுகாது, ஒட்டும்போது விழுந்த சுருக்கம் கடைசிவரை இருக்கும். அதற்குள் பல்பு இழை அப்படியே தெரிந்து கண்ணைக் குத்தும். மெல்லிய தாள் வெளிச்சத்தைப் பரப்பி, முழு ஸ்டாரையும் ஒரே நிறமாக ஒளிரவைக்கும். ஸ்டாருக்கு வேண்டியது அதுதான்.

ஓரத்துக்கு ஒன்றரை செ.மீ. அகல ஜிகினா நாடாவை ஒட்டினால் மடிப்பும் பசைக் கறையும் மறைந்துவிடும். குஞ்சத்துக்கு, 20க்கு 30 செ.மீ. தாளை மடித்து, மேலே மூன்று செ.மீ. விட்டு அரை செ.மீ. அகலத்தில் நறுக்கி, விட்ட பகுதியைச் சுருட்டி நூலால் கட்டி, கீழ் இரு முனையிலும் தொங்கவிடலாம்.

விளக்கு

ஸ்டாரை ஒரு முனை மேலே பார்க்கத் தொங்கவிட்டால் நடு ஐங்கோணத்தின் மேல் விளிம்பு படுக்கையாக வரும். அதன் இரு மூலையிலும் இருக்கும் முட்டுக் குச்சிகளின் நடுப்பகுதியை இணைத்து 16 செ.மீ. குச்சியைக் குறுக்கே கட்டுங்கள். தாள் ஒட்டும் முன்பே இதைச் செய்துவிட வேண்டும். ஹோல்டர் அதிலிருந்து வாய் கீழே பார்க்கத் தொங்கும். ஹோல்டரும் பல்பும் சேர்ந்து 15 செ.மீ. என்றால் பல்பின் வெளிச்சம் சரியாக ஸ்டாரின் மையத்தில் விழும், முன்தாளுக்கும் பல்புக்கும் இடையில் நாலு செ.மீ. இடைவெளி நிற்கும். வாயை மேலே பார்க்க வைத்தால் ஹோல்டருக்குள் பனித்தண்ணீர் தேங்கும். வாசலில் தொங்கும் பொருளில் அது ஆபத்து.

5 வாட் எல்.இ.டி. பல்பு போதும். பழைய 60 வாட் குண்டு பல்பு இந்த இடைவெளிக்குள் தாளைப் பொசுக்கிவிடும், காற்றில் ஆடித் தாள் தொட்டால் தீப்பிடிக்கும். எல்.இ.டி.யிலும் அடிப்பகுதி சூடாகும், அதனால்தான் பின்திரையை முழுக்க ஒட்டக்கூடாது. மஞ்சள் கலந்த வார்ம் ஒயிட் வாங்குங்கள். வெள்ளை வெளேரென்ற கூல் டே லைட் பல்பில் நீல ஒளி கூடுதல், மஞ்சள் தாள் பச்சை அடிக்கும். நீலத் தாளில் ஸ்டார் செய்கிறவர்களுக்கு மட்டும் கூல் டே லைட் பொருந்தும். வார்ம் ஒயிட்டில் நீலம் இருட்டாகப் போய்விடும்.

ஒயரில் வழியில் ஒட்டு இருக்கக்கூடாது, பிளக்கிலிருந்து ஹோல்டர் வரை ஒரே நீளமாக இருக்கட்டும். ஸ்டாரின் எடை தொங்கவிடும் கயிற்றில் நிற்க வேண்டும். ஒயரைக் கயிற்றோடு மூன்று இடத்தில் கட்டி, ஸ்டாருக்குள் நுழையும் முன் கீழ்நோக்கி ஒரு வளைவு விடுங்கள், ஒயர் வழியே ஓடிவரும் மழைநீர் அந்த வளைவில் சொட்டிவிடும். மெயினில், மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இல்லாத வீடாக இருந்தால் வெளியே தொங்கவிடாமல் போர்டிகோவுக்குள் தொங்கவிடுவது நல்லது. தாளுக்கும் அதுவே நல்லது.

பலகாரத்துக்குக் கொட்டான்

முந்திரிக்கொத்தும் அச்சு முறுக்கும் பிளாஸ்டிக் கவரில் போட்டு அண்டைவீட்டுக்குக் கொடுப்பதைவிட, பனையோலைக் கொட்டானில் கொடுத்தால் பலகாரம் தீர்ந்த பிறகும் அவர்கள் வீட்டில் அது மிஞ்சியிருக்கும். தூத்துக்குடிக் கடற்கரையில் மணப்பாடு, அங்கிருந்து ராமநாதபுரம், தெற்கே கன்னியாகுமரி என்று பனை உள்ள இடமெல்லாம் இந்தக் கைவேலை உண்டு. மூடியோடு ஒரு கொட்டான் முடைய, கை பழகியவர்களுக்கு ஒரு மணி நேரம், புதியவர்களுக்கு ஒரு பிற்பகல்.

குருத்தோலைதான் வேண்டும். விரியாத குருத்தை மூன்று நாலு நாள் வெயிலில் காயவைத்தால் வெளிர் மஞ்சளாக வரும். முற்றிய சார்வோலை மடிக்கும் இடத்தில் வெடிக்கும். ஈர்க்கை உரித்துவிட்டு, 1 செ.மீ. அகலத்தில் 40 செ.மீ. நீள இழைகள் 24 கிழித்துக்கொள்ளுங்கள். அகலம் ஒரே சீராக வர, ஒரு மரத்துண்டில் இரண்டு பிளேடை ஒரு செ.மீ. இடைவெளியில் பதித்து, ஓலையை அதன் வழியே இழுப்பதுதான் வழி. கண்மதிப்பில் கிழித்த இழைகளில் பின்னினால் கொட்டானின் ஒரு மூலை தூக்கி நிற்கும்.

முடைவதற்கு ஓலை பதமாக இருக்க வேண்டும். வாளியில் ஊறப்போடாதீர்கள். ஊறிய ஓலை உப்பும், உப்பிய நிலையில் நெருக்கமாக முடைந்தாலும் காய்ந்ததும் சுருங்கி, கட்டம் கட்டமாக இடைவெளி விழும். ஈரத்துணியில் அரை மணி நேரம் சுற்றிவைத்தால் போதும். விரலில் சுற்றும்போது சத்தம் கேட்காமல் வளைந்தால் அது பதம். சரசரத்தால் இன்னும் கொஞ்ச நேரம்.

12 இழையை நெடுக்கே அடுக்கி, 12 இழையைக் குறுக்கே மேலொன்று கீழொன்றாகப் பின்னி, நடுவில் 12க்கு 12 செ.மீ. சதுரமாக நெருக்குங்கள். நாலு ஓரமும் துணிக் கிளிப் போட்டு நிறுத்துங்கள். இந்தச் சதுரத்தின் மூலைகள் கொட்டானின் மூலைகள் ஆகாது. ஒவ்வொரு ஓரத்தின் நடுவில், ஆறாவது இழைக்கும் ஏழாவது இழைக்கும் இடையில்தான் மூலை எழும்பும். புதிதாகச் செய்கிறவர்கள் தடுமாறுவது இங்கேதான். ஆறையும் ஏழையும் ஒன்றின் மேல் ஒன்று குறுக்கே போட்டு இறுக்கினால் பாய் தானாக மேலே மடியும். அந்த இரண்டையும் பக்கத்து இழைகளோடு மேல் கீழாகப் பின்னிக்கொண்டே போனால் மூலை நிமிர்ந்து நிற்கும். நாலு ஓரத்திலும் இப்படியே. இழைகளின் எண்ணிக்கை எப்போதும் இரட்டைப்படையாக இருக்க வேண்டும். 11 வைத்தால் நடுவில் இழையே வந்து நிற்கும், மூலை எழும்பாது.

நாலு மூலையும் எழுந்ததும் அடி எட்டரை செ.மீ. சதுரமாக வரும். அச்சு முறுக்கு படுக்கையாக உட்கார அது போதும். இழைகள் சாய்வாகவே ஏறுவதால் சுவர் 6 செ.மீ. உயர ஒவ்வொரு பக்கமும் எட்டரை செ.மீ. இழை செலவாகும், மடித்துச் செருக இன்னும் நாலரை. அடிக்கு 12, இரு பக்கமும் சேர்த்து 26, ஆக 38. 40 செ.மீ. இழை எடுத்தது இந்தக் கணக்கில்தான். வாயை முடிக்க, 6 செ.மீ. உயரத்தில் ஒரு நூலைச் சுற்றிக் கட்டி, அந்தக் கோட்டில் ஒவ்வொரு இழையையும் வெளிப்பக்கமாக மடித்து, கீழே அதே திசையில் போகும் பின்னலுக்குள் இரண்டு கட்டம் செருகி, மீதியை நறுக்குங்கள். ஒரு கட்டம் மட்டும் செருகினால் காய்ந்ததும் வெளியே வந்துவிடும்.

மூடிக்கு அதே 24 இழைதான், அகலம் மட்டும் 1.1 செ.மீ., நீளம் 30 செ.மீ. அடி ஒன்பதே கால் செ.மீ. வரும், சுவர் இரண்டரை. கொட்டானின் வாய் விளிம்பு மடித்த கனத்தோடு அது இறுக்கமாக உட்காரும். ஒரே அகல இழையில் மூடி செய்தால் கொட்டானின் மேல் ஏறவே ஏறாது.

நிறம் வேண்டுமென்றால் மூடி இழைகளுக்கு மட்டும் கொடுங்கள். ஓலைச் சாயம் தின்பண்டத்தில் படக்கூடாது, மூடியின் உட்புறத்துக்குப் பட்டர் பேப்பர் ஒன்று வெட்டிப் போட்டுவிடலாம். ஓலை ஈரத்தில் முடைந்தது என்பதை மறக்காதீர்கள்: இரண்டு நாள் நிழலில், ஒரு நாள் வெயிலில் மூடியைத் திறந்துவைத்துக் காயவிட்ட பிறகே பலகாரத்தை அடுக்க வேண்டும். மேலுக்குக் காய்ந்ததுபோல இருக்கும், பின்னலுக்குள் ஈரம் இருக்கும். அவசரப்பட்டு அடுக்கினால் அச்சு முறுக்கு மறுநாளே நமத்துப்போகும், அடுத்த வாரம் கொட்டானில் கரும்புள்ளி விழும்.

மிஞ்சிய ஓலைத் துண்டில் பெயர்ச் சீட்டு செய்யலாம். பேனா மை ஓலையில் நிற்காது. கோணி ஊசியால் பெயரைக் கீறி, விளக்குப் புகைக்கரியில் இரண்டு சொட்டு நல்லெண்ணெய் விட்டுக் குழைத்து மேலே தேய்த்து, துணியால் துடைத்துவிட்டால் கீறலில் மட்டும் கறுப்பு தங்கும். நரம்பை ஒட்டி நேர்க்கோடு இழுத்தால் ஓலை கிழியும். ஊசியை அழுத்தாமல், எழுத்தின் சுழிகளை வட்டமாக விட்டு எழுதுங்கள். ஓரத்தில் துளையிட்டு, ஸ்டாருக்கு வாங்கிய காடா நூலில் மிஞ்சியதைக் கோத்து மூடியில் கட்டிவிடலாம்.